நூற்றுப் பன்னிரண்டு பாகை

செவ்வாய்க்கிழமை இருதயராஜுக்குத் தலையில் கருவி.
வியாழக்கிழமை வெறும் போன்.
துக்மில் அவர், மஸ்கட்டில் நான்,
நடுவில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மணல்.

கருவி நாளில் எனக்கு அவர் முகம் கிடையாது.
நீல நிறத்தில் ஒரு பொம்மை,
மூக்கில்லை, வியர்வையில்லை,
வலது கையைப் பக்கவாட்டில் தூக்குகிறது.
அவருக்கு அங்கே ஆரஞ்சுத் தோப்பாம்.
ஒரு பழம் பறித்தால் ஒரு மணியோசை.
எனக்கு எண்கள் வரும்:
நூற்று மூன்று. நூற்றுப் பத்து. நூற்றுப் பன்னிரண்டு.
அதற்குமேல் இல்லை,
மூன்று வாரமாய்.

போன் நாளில் எண்ணே இல்லை,
கண்ணால்தான் அளக்கவேண்டும்,
அதுவும் படம் உறையாவிட்டால்.
அறைத்தோழன் தமாங் பிடித்திருப்பான்.
பாதி நேரம் அவன் கட்டைவிரல்தான் தெரியும்.
வெளியே ஜெனரேட்டர்; யாரோ பருப்பு தாளிக்கிறார்கள்.
“வலிக்குதா?” என்பேன்.
வலிக்குதா, வலிக்குதா என்று என் குரலே திரும்பிவரும்.
அப்புறம் அவர்: “பரவால்ல மேடம்.”
இந்தப் பரவாயில்லைக்குப்
பத்துக்கு எத்தனை போடுவது?

எது மேல், ஒன்றை மட்டும் சொல்லுங்கள்
என்கிறது கம்பெனி.
எழுதத் தொடங்கியிருந்தேன்:
நூற்றுப் பன்னிரண்டில் தேங்கிவிட்டார்,
மூட்டு இறுகியிருக்கலாம்,
ஊசி போட நேரலாம்.

தமாங் தும்மினான்.
போன் சாய்ந்து, அரை நொடி, மேலே பார்த்தது.

கட்டிலுக்கு மேல் கட்டில்.
இரும்புச் சட்டம்.
சட்டத்தின் அடியில்
விரல்கணு இடித்து இடித்துப்
பச்சைப் பெயிண்ட் உரிந்த இடம்,
ஒரு ரூபாய்க் காசு அகலம்.

“இருதயராஜ், கை இடிக்குதா?”
“இடிக்கும் மேடம்.
ஆனா உள்ள பாத்தா அங்க வானம்தான இருக்கு.
என் தோள்தான் போகலைன்னு நெனச்சேன்.”

நடைவழிக்கு வரச்சொன்னேன்,
தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்தில்.
லுங்கியும் வாளியுமாய் ஆட்கள் விலகிப் போனார்கள்.
கை எழுந்தது.
நூற்று முப்பது இருக்கும். இருக்கலாம்.
கீழுதட்டைக் கடித்துக்கொண்டார்,
அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.
தமாங் அசையாமல் பிடித்திருந்தான்,
முதல் தடவையாக.

அறிக்கையில் எல்லாவற்றையும் அழித்தேன்.
‘தேவைப்படும் உபகரணம்’ என்ற கட்டத்தில்
இப்படி எழுதினேன்:
நின்றபடி கைவீச ஆறடி வெற்றிடம்.

மறுநாளே பதில் வந்தது:
தயவுசெய்து மாடல் எண் குறிப்பிடவும்.