மூன்று மில்லிமீட்டர்

மெல்லிய தகடு என்றால் டிரில்லுக்கு ஆகாது.
அரை மில்லிமீட்டர் பித்தளையைக் கண்டதும்
கவ்வி எடுத்து விசிறியாய்ச் சுழற்றியது.
கட்டைவிரலில் ஐந்து தையல்.
விழுந்த துளையும் வட்டமில்லை,
மூன்று மூலை வைத்த ஏதோ ஒன்று.

தூண்டிலுக்கு மினுக்குத் தகடு செய்கிறேன்.
கண்ணீர்த்துளி வடிவம், தலையில் ஒரு துளை,
துளையில் வளையம்.
ரிட்சுவான் சொன்னான்:
துளைக்கருவி எட்டு வெள்ளி, நாளைக்கே வாசலுக்கு வரும்.
தெரியும்.

உட்லண்ட்ஸ், பதினான்காவது மாடி.
குண்டுக்கு அஞ்சிக் கட்டிய அறைதான் என் பட்டறை.
அரிசி மூட்டை, மடித்த ஏணி, அதற்கப்பால் வைஸ்.
இந்தச் சுவரில் துளையிடாதே என்று
இரும்புக் கதவின் உட்புறம் ஓர் அறிவிப்பு.
அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
துளையிடும் கருவி செய்கிறேன்.

பேருந்துப் பணிமனையில் மாலை ஷிஃப்ட்.
வீடு சேரப் பதினொன்றரை.
அந்நேரம் சுத்தியல் எடுத்தால்
கீழ்வீட்டுத் திருமதி கோ துடைப்பக் கட்டையால்
கூரையைத் தட்டிப் பதில் சொல்வார்.
ஆகவே அடிக்காத கருவி வேண்டும்,
அழுத்துவது.

இரண்டு எஃகுப் பட்டைகளை ஒட்டிவைத்து
ஒரே மூச்சில் துளைத்தேன்,
மேல் துளையும் கீழ்த் துளையும்
ஒன்றை ஒன்று நேராய்ப் பார்க்கும்படி.
நடுவே தகடு நுழையக் காகித அளவு இடைவெளி.
ஊசிக்கு வெள்ளி எஃகுக் கம்பி.
வெள்ளி அதில் துளியும் இல்லை,
விலையில் மட்டும் பன்னிரண்டு.
(ரிட்சுவானுக்குச் சொல்லவில்லை.)

முதல் ஊசி சரியாய்ச் சிவக்கவில்லை,
பித்தளையில் மோதி மழுங்கியது.
இரண்டாவதைத் தண்ணீரில் முக்கினேன்,
'டிக்' என்றது, நெடுக விரிசல்.
மூன்றாவதைக் காந்தத்திடம் காட்டிக் காட்டிச் சுட்டேன்.
காந்தத்தைக் கம்பி மறந்த நொடியில்
நல்லெண்ணெய்க்குள் விட்டேன்.
சுர்ரென்றது வீடு.
நடைவழியெங்கும் தாளித்த வாசனை.
எதிர்வீட்டுக் கதவு லேசாய்த் திறந்து
இந்நேரத்தில் என்ன சமையல் என்றது.
ஊசி என்றேன்.
கதவு மூடிக்கொண்டது.

அரம் அதன்மேல் கண்ணாடியில்போல் வழுக்கியது.
இனி கொஞ்சம் தணிக்க வேண்டும்,
இல்லாவிட்டால் கடினம் உடைந்துபோகும்.
வைக்கோல் நிறம் வரும்வரை சூடாக்கு என்கிறது குறிப்பு.
நான் தோ பாயோவில் பிறந்தவள்,
வைக்கோலைப் பார்த்ததில்லை.
ரொட்டி வாட்டும் அடுப்பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டி
நின்றேன், நின்றேன்.
பனிக்கட்டி கரைந்து வெளுத்த தே-ஓவின் நிறம்
ஊசி முனையில் ஏறியதும்
சட்டென்று வெளியே எடுத்தேன்.
அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வைஸின் கைப்பிடியைச் சுழற்றுகிறேன்.
கால் சுற்று. தகடு எதிர்க்கிறது.
இன்னும் கொஞ்சம்.
சத்தமா? நெற்றுக்குள் விதை நகர்ந்ததுபோல் ஒன்று.
கீழே மடியில் விழுந்தது
கடுகைவிடச் சற்றுப் பெரிய பொன்வட்டம்.
ஒன்று போதும், ஒரு தகட்டுக்கு ஒரு துளைதான்.
ஆனாலும் விடியுமுன் நாற்பத்தொன்று.
கழிவுத் தகட்டில் இடமில்லை.

ஞாயிறு, பிடோக் படகுத்துறை.
ரிட்சுவான் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
விளிம்பில் நகத்தை ஓட்டினான்,
பிசிர் இல்லை.
ஒற்றைக் கண்ணில் ஒட்டிவைத்துக் கடலைப் பார்த்தான்.
எண்ணெய்க் கப்பல் முழுசா உள்ளே நிக்குது என்றான்,
சங்கிலியோடு.

மத்தியானம்வரை மீன் ஒன்றும் சீண்டவில்லை.
ஒரு ஞெகிழிப்பை மட்டும் மாட்டியது.
கிளம்பும்போது பெட்டியின் அடியிலிருந்து
தன் பழைய தகடுகளை எடுத்தான், ஏழு.
ஏழிலும் மூன்று மூலைத் துளை.
ஒன்றும் பேசாமல்
என் பையில் போட்டான்.