ஏழாம் நம்பர் உடுப்பு

காலை ஆறே காலுக்கு ஸ்டோர் ஜன்னலைத் திறக்கிறேன்.
சிப்காட் சாலையில் நிற்கும் லாரிகளின் தார்ப்பாயில்
ஓசூர்ப் பனி இன்னும் சொட்டுகிறது.
உலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராய் வருகிறார்கள்.
உடுப்பைக் கொடுக்கும் முன்
காலரை விலக்கிக் காட்டச் சொல்வேன்,
உள்ளே பனியன் பருத்தியா என்று பார்க்க.
"பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறியேம்மா"
என்பான் மாதேசன்.
நான் சிரிப்பதில்லை.
போன மாசம் ஒரு பையன்
பாகலூர் கபடிக் குழுவின் ஜெர்சியோடு வந்தான்,
பளபள நைலான், முதுகில் பன்னிரண்டு.
மேலே இருப்பது தாங்கிவிடும் தம்பி,
உள்ளே இருப்பது உருகி ஒட்டிக்கொள்ளும்.
அப்புறம் அந்தப் பன்னிரண்டை
உன் முதுகிலிருந்து யாராலும் கழற்ற முடியாது.

தீக்குப் பயப்படாத துணி என்று சொல்லிக்கொள்கிறார்கள்.
அப்படி ஒன்றும் இல்லை.
பட்டால் கருகும்.
பற்றிக்கொண்டு ஓடாது, அவ்வளவுதான்.
நாலைந்து நொடி கிடைக்கும்.
அந்த நாலைந்து நொடியைத்தான்
ஆள் உயரத்துக்குத் தைத்து, காலர் வைத்து,
நம்பர் போட்டு
அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஷிப்ட்.
அச்சில் ஈரம் இருந்திருக்கிறது.
இரும்புக் குழம்பு துப்பியது
திம்மராயப்பா மேல்.
மழையில் நனைந்தவர் உதறிக்கொள்வதுபோல
இரண்டு கையாலும் உதறிக்கொண்டே பின்னால் வந்தாராம்.
நெஞ்சில் இரண்டு சாண் அகலத்துக்குக் கரி.
உள்ளே பனியன் வெள்ளையாகவே இருந்தது.
தொண்டைக்குழியில் மட்டும் ஒரு கொப்புளம்,
புளியங்கொட்டை அளவு.
மேல் பொத்தான் திறந்திருந்தது.
ஏப்ரல் மாசத்தில் அதை யார்தான் போடுகிறார்கள்?

பட்ட உடுப்பை மறுபடி கொடுக்கக் கூடாது,
வெட்டிப் போட வேண்டும்.
பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'சேதம்' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
'வேலை செய்தது' என்று எழுதினேன்.
அக்கவுண்ட்ஸ் கோதண்டபாணி அதையும் அடித்து
'சேதம்' என்றே எழுதினார்,
பக்கத்தில் விலையோடு.

சனிக்கிழமை கேட்டுக்கு வெளியே
அவர் மனைவி நாகவேணி நின்றிருந்தாள்.
அந்தச் சட்டை வேண்டுமாம்.
சாமி படத்துக்குக் கீழே வைக்கவா என்றேன்.
"அதெல்லாம் இல்லக்கா.
அடுப்புலருந்து குண்டான் எறக்க
ஒரு துணி நல்லதா கெடைக்கல."
கரி படாத வலது கையை வெட்டிக் கொடுத்தேன்.
இதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

திங்கட்கிழமை திம்மராயப்பா வந்தார்.
புது உடுப்பு, அதே ஏழு.
பிளாஸ்திரிக்கு மேலே, என் கண் முன்னால்,
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி
மேல் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டார்.
கையெழுத்துப் போட்டார். நடந்தார்.

தண்ணீர் டிரம் தாண்டும் இடத்தில்
கை மெல்லக் கழுத்துக்குப் போனது.

ஜன்னல் கம்பியில்
கத்தரிக்கோலால் தட்டினேன்.

திரும்பிப் பார்க்கவில்லை.
கை மட்டும் இறங்கியது.