பின்னுக்கு

ஒஸ்லோவில் சுகிர்தன் இதைப் பனியில் ஓட்டிய
வீடியோ என்னிடம் இருக்கிறது.
முழங்கால் அளவு வெள்ளை. சங்கிலிக்குள் பனி இறுகி
ஒரு பக்கம் மட்டும் சுழல,
வால் பிடிக்கும் நாய்க்குட்டியாய்த்
தன்னைத்தானே சுற்றுகிறது டாங்கி. அவன் சிரிக்கிறான்.

அறுபது கிலோ. அசலில் ஆறிலொன்று.
கொழும்புச் சுங்கத்தில் மூன்று நாள் நின்று சொன்னேன்:
பொம்மை, ஐயா. இது பொம்மை.

திருகோணமலையில் பனிக்கு எங்கே போவது?
நிலாவெளி உப்பளத்துக்குக் கொண்டுபோனேன்.
ஆவணி வெயில். வாரிக் குவித்த உப்பில்
கண் கூசியது.
ஏறியது. நொறுக் நொறுக்கென்று ஏறியது.
குழல் மெல்லத் திரும்பிக்
கொக்கொன்றைக் குறிபார்த்தது.
கொக்கு அசையவில்லை.

அசைந்தது மரியநேசம்.
பாத்தியில் நின்றவள் பலகையைப் போட்டுவிட்டு
வரப்பின் மறுபக்கம் குப்புறக் கிடந்தாள்.
எஞ்சின் சத்தத்தைக்கூட
அசல்போலவே பதிந்து வைத்திருந்தான் சுகிர்தன்.

நிறுத்தினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.
எழும்பி வந்தாள், முழங்கையில் சேறு.
"இது பின்னால போகுமோ?"
போகும், அக்கா.
"கொண்டா இங்க."
ரிமோட்டை வாங்கி, விசையைப் பெருவிரலால் இழுத்துப் பிடித்து
வந்த தடத்திலேயே தெருவரைக்கும்
ஓட்டினாள். ஒருதரமும்
முன்னுக்கு விடவில்லை.

இரவு, கிணற்றடி.
பல்துலக்கும் பிரஷ்ஷால் சங்கிலிக் கண்ணிகளைத்
தேய்த்துக் கழுவுகிறேன். ஐந்தாவது வாளி.
பனியென்றால்
தானாகவே உருகிப் போயிருக்கும்.