கசிவுச் சோதனை

வார்டோவிலிருந்து எய்லெர்ட் அனுப்பிய பெட்டி
நவம்பர் நடுவில் வந்தது.
சுற்றியிருந்த நாளிதழ் முழுக்க மீன்விலை.
உள்ளே கேமராவின் முதுகு மட்டும்.
சீட்டில் மூன்று வரி:
பன்னிரண்டு படம், பன்னிரண்டிலும் ஒரே கோடு.
ஓரத்தில். வெள்ளை.
வெயிலின் தப்பா, என் தப்பா?

கூடவே ஓர் அச்சுப்படம்.
படகின் முனையில் அவன் தங்கை யோருன்,
ஜூலை, இரவு ஒரு மணி, நல்ல வெயில்.
கோடு அவள் தோளில் தொடங்கி
மீன்தலை வாளிக்குள் இறங்குகிறது,
யாரோ தண்ணீர் ஊற்றுவதுபோல.

யார் தப்பும் இல்லை, எய்லெர்ட்.
இரண்டு மாதம் மறையாத சூரியன்
கடன் கொடுத்தவன்போல வாசலிலேயே உட்கார்ந்திருந்தால்
எந்தக் கதவும் ஒருநாள் விட்டுக்கொடுக்கும்.

நான் படகுத்துறையில் எஞ்சின் பார்ப்பவள்.
டீசல் கசிந்தால் நாறும்,
எண்ணெய் கசிந்தால் வழுக்கும்,
கடல் கசிந்தால் காலுறை சொல்லும்.
ஒளி மட்டும்
ஒளிந்து ஒளிந்து உள்ளே வரும்.
ஃபிலிமைக் கழுவும்போதுதான் தெரியும்,
அதற்குள் ஜூலை முடிந்திருக்கும்.

சமையல் மேசை, வெள்ளைத் துணி.
மறைப்புத் தகடு நுழையும் இடுக்கின்மேல்
ஒரு பட்டை, நான்கு திருகாணி.
மூன்று சொன்னபடி வந்தன.
நான்காவது துருவின் கட்சி.
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
ஒரு கோப்பை காப்பி குடித்து
மறுபடி கேட்டேன்.

நுரைப்பட்டை தாராகிக் கிடந்தது.
தொட்டது விரலில் ஒட்டி,
விரலிலிருந்து கோப்பைக்கு, கோப்பையிலிருந்து கதவுப்பிடிக்கு,
இரண்டு நாள் கழித்துப் பூனையின் காதில்.

அதன்மேல் மடித்து வைத்த மெல்லிய தாள்.
தகடு போகும்போதும் வரும்போதும்
ஆயிரம் முறை நெகிழ்ந்து வழிவிட்ட மடிப்பு,
கடைசியில் யாரும் வராதபோதும்
நெகிழ்ந்தே கிடந்தது.

ஆல்கஹால், பஞ்சு, பல்குத்தும் குச்சி.
புதுத் தாளை மடித்தேன்.
நகத்தால் அழுத்தக் கூடாது,
ஒன்றைக் கெடுத்துத்தான் கற்றேன்.
மடிப்பு சாகக் கூடாது,
எழ நினைத்தபடியே படுத்திருக்க வேண்டும்.

இனி சோதனை.
என் கேமராவில் மாட்டி, லென்ஸுக்கு மூடி போட்டு,
தகட்டை உருவி, இடுக்கை வெயிலுக்குக் காட்ட வேண்டும்.
வெயில்?
ட்ரோம்ஸோவில் அன்று நவம்பர் இருபத்தொன்பது.
சூரியன் கிளம்பி இரண்டு நாள்.

டார்ச்சைக் காட்டினேன்.
எஞ்சின் அறையின் பெரிய விளக்கைக் காட்டினேன்.
கழுவிய ஃபிலிம் சுத்தம்.
ஆனாலும் விளக்கின் சாட்சியம் எதற்கு ஆகும்,
குற்றவாளி ஊரில் இல்லாதபோது?

ஜனவரி இருபத்தொன்று வரை பொறு என்று எழுதினேன்.
சரி என்று பதில் வந்தது. அதன் கீழே வேறு கையெழுத்தில்:
அந்தக் கோட்டை என்ன செய்தாய்?
யோருன்.

இருபத்தொன்று, மேகம்.
இருபத்திரண்டு, பனி.
இருபத்துமூன்றாம் தேதி மதியம்
மேட்டில் பள்ளிப் பிள்ளைகள்,
கையில் ஜாம் வைத்த சூரிய பன்,
மூக்கெல்லாம் சர்க்கரை.
தெற்கே இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு.
யாரும் அதற்குப் பட்டை போட்டிருக்கவில்லை.
கசிந்தது.
பிள்ளைகள் கத்தினார்கள்.
நான் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றேன்,
என் முதுகை அல்ல, எய்லெர்டுடையதை.
நான்கு நிமிடம். இருபது நொடிக்கு ஒரு படம்.
பன்னிரண்டாவதைச் சுற்றும்போது மலை மூடிக்கொண்டது.
சூரியனை நான் பார்க்கவே இல்லை என்பது
வீட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது.

ராத்திரி கழுவி, விளக்கின்முன் தூக்கிப் பிடித்து,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன்.
ஒன்றுமில்லை. அதைப் பன்னிரண்டு முறை எண்ணினேன்.

எய்லெர்ட், முதுகு நாளைத் தபாலில் வரும்.
யோருனிடம் சொல்:
கோடு பத்திரமாக இருக்கிறது,
நெகட்டிவில் இருப்பதுபோலவே கறுப்பாக,
பூனையின் காதில்.
இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.