பூஜ்யம் புள்ளி மூணு ஒண்ணு

நாலு நாள் லீவு விட்டால் போதும்,
அஞ்சாம் நாள் காலையில்
சாவி திருப்பினால் டிக் டிக் டிக்.
"சவத்து வண்டி அண்ணாச்சி" என்றாவ ஜெபக்கனி டீச்சர்.
வீரவநல்லூர் மெயின் ரோட்டில்
ரெண்டு பிள்ளைகள் தள்ளிவந்து
என் கடை வாசலில் விட்டார்கள்.
பேட்டரி வாங்கி ரெண்டு மாசம்தான்.
வாரண்டி அட்டை, தாலுகா ஆபீஸ் மனு மாதிரி
பாலித்தீன் கவருக்குள் பத்திரமாக.

பேட்டரியில் குத்தமில்லை.
ஓடவிட்டால் பதினாலே கால் வோல்ட்,
ஆல்டர்னேட்டரும் யோக்கியன்.
அப்போ, நிற்கையில்
எதுவோ குடிக்குது.

மைனஸ் கம்பியைக் கழற்றி
இடையில் மீட்டரைக் கோத்தேன்.
கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி
வண்டியை ஏமாற்றினேன்:
பூட்டியாச்சு, ஆள் போயாச்சு.
உடனே பார்க்கக் கூடாது.
வண்டிக்கும் தூக்கம் பிடிக்க நேரமாகும்.
டீச்சர் விடைத்தாள் கட்டைப் பிரித்தாவ.
பாபநாசம் பஸ் ஒன்று போனது, இன்னொன்று போனது.
மீட்டர்
பூஜ்யம் புள்ளி மூணு ஒண்ணில் நின்றது.

தூங்குகிற வண்டி புள்ளி பூஜ்யம் மூணு குடிக்கலாம்.
கடிகாரம் ஓடணும், ரேடியோ ஸ்டேஷன்களை மறக்காமலிருக்கணும்,
அதுக்குக் கணக்கில் இடமுண்டு.
இது பத்துப் பங்கு.

டிக்கி விளக்கு மேல்தான் எனக்குச் சந்தேகம்.
கொம்பையாவை உள்ளே படுக்கவைத்து மூடினேன்.
"கும்மிருட்டு அண்ணாச்சி, திறங்க" என்று தட்டினான்.
பொறவு ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
ஹாரன், அசையலை.
வைப்பர், அசையலை.
கடிகாரத்துக்கு மட்டும் மூணு புள்ளி இறங்கியது.
எல்லாம் பிடுங்கியும் புள்ளி ரெண்டு எட்டு.
அப்போ ஃபியூஸுக்கு முன்னாலேயே
ஒருத்தன் வாய் வைத்திருக்கிறான்,
கன்னடியன் காலில்
மடைக்கு மேலே கரையை வெட்டுகிறவன் போல.

ஸ்டீயரிங் அடியில் மல்லாக்கப் படுத்தேன்.
கொம்பையா டார்ச் பிடித்தான்.
சாவிக் கம்பியில் மெல்லிசாய் ஒரு சிவப்பு வயர்,
மேலே கறுப்பு டேப்.
டேப் சுற்று என்பது கையெழுத்து.
நான் சுற்றுவது வலமாக. இது இடமாக,
பிசிறில்லாமல், கடைசி நுனி மடித்துவிட்டு.
நுனி மடிப்பது எங்கள் கடைப் பழக்கம்.
இடதுகைக்காரன் எங்கள் கடையில் ஒருத்தன்தான்.
டார்ச் வெளிச்சம்
கொஞ்சம் நகர்ந்து, திரும்பி வந்தது.

வயர் நுனியில் தீப்பெட்டி அளவில் ஒரு ஜிபிஎஸ்.
பச்சைக் கண், சிமிட்டிச் சிமிட்டி.
நாலு நாளும் ஷெட்டுக்குள்
வண்டி எங்கேயும் போகலை, போகலை என்று
யாருக்கோ சொல்லிக்கொண்டு.

டீச்சர் அதை உள்ளங்கையில் வாங்கித் திருப்பினாவ.
பின்னால் ஒட்டிய தாளில் பேனாவால் சிம் நம்பர்.
நம்பரைப் படிக்கலை அவர்கள்,
குறுக்குக் கோடு போட்ட ஏழையே பார்த்தாவ.
தாள் திருத்துகிற கண்.
யாரென்று நான் கேட்கலை.

"பிடுங்கினா அங்க தெரியுமோ?"
"தெரியும் டீச்சர்."
"சுவிட்ச் ஒண்ணு வச்சா?
என் கைக்கு மட்டும் எட்டுத மாதிரி?"
"அணைச்சாலும் சிக்னல் போயிரும், தெரிஞ்சிரும்."
சிவப்புப் பேனாவை மூடினாவ.
"தெரியட்டும்.
பேட்டரி வீக்குன்னு சொல்லிக்கிடுதேன்."

சால்டரிங் அயர்னைக் கொம்பையா பக்கம் நீட்டினேன்.
"நீயே பத்த வையில."
ஒரு வார்த்தை பேசாமல் வைத்தான்.
இடமாகச் சுற்றினான், நுனியை மடித்தான்.
சுவிட்சை அணைத்ததும்
புள்ளி பூஜ்யம் மூணு.

சுவிட்ச் நாற்பது, கூலி இருநூற்றைம்பது.
சில்லறை வாங்காமல் கிளம்பிப் போனாவ.
கடை பூட்டும்போது கொம்பையா சொன்னான்,
"ஐந்நூறு தந்தாங்க அண்ணாச்சி."
ஷட்டர் சத்தத்தில்
எனக்குக் கேட்காத மாதிரி ஆயிற்று.

போன வாரம் ஹாரன் ரிலே மாற்ற வந்தாவ.
வேலையெல்லாம் பானட்டுக்குள்தான்.
சுவிட்ச் எந்தப் பக்கம் கிடக்கிறதென்று
நான் குனிந்து பார்க்கலை.