இருபத்தெட்டு நாள்

நுங்கம்பாக்கத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் பழுது.
ரிஸ்வான் என்கிற பையன், டை கட்டியவன்,
இட்லி பூரி பொங்கல் என்று
சப்ளையர் ஒப்பிப்பது போல
மூச்சு விடாமல் நாடுகளைச் சொன்னான்.

ஜெர்மனிக்கு மொழி வேணும், மேடம்.
கனடாவுக்கு உங்க மார்க் பத்தாது.
ஆஸ்திரேலியா, போன வருஷமே வந்திருக்கணும்,
முப்பத்து மூணு ஆயிடுச்சே,
வயசுல அஞ்சு பாயிண்ட் போச்சு.

அந்தப் பிறந்தநாளுக்குச் சீலன் வாங்கிவந்த கேக்கில்
பிரிசில்லா என்ற என் பெயரில்
ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.
அன்றைக்கு அதுதான் நஷ்டம் என்று நினைத்தேன்.

துபாய்க்கு அடுத்த வாரமே போகலாமாம்,
இங்கே வாங்கும் சம்பளம்தான் அங்கேயும்,
வெயில் மட்டும் கூடுதல்.
கடைசியாக லண்டன் பக்கம், படிப்பு விசா.
படிக்கிற மாதிரி போய்
வேலை தேடிக்கொள்வது.
ஹஸ்பெண்டுக்கு இதுல இடமில்லை என்று
என்னைப் பார்த்துச் சொன்னான்.
சீலன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான்,
மேஜைமேல் இருந்த உலக உருண்டையை
ஒற்றை விரலால் சுற்றிக்கொண்டு.

பணம் காட்டணும் மேடம்.
கட்ட இல்லை, காட்ட.
ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.
இருபத்தெட்டு நாள்
உங்க கணக்குல அது அசையாம கிடக்கணும்.

ஓட்டேரி தணிகாசலம் ஆட்டோவுக்குக் கடன் கொடுக்கிறவர்.
"காட்டத்தானா? அப்போ ரெண்டு வட்டி போதும்.
எங்கயும் போகாத பணம் பாரு."

பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
பெரம்பூர் வீட்டில் இரவு விளக்கை அணைக்குமுன்
போனில் ஒருமுறை பார்ப்போம்,
விருந்தாளி தூங்கிவிட்டாரா என்று
கதவிடுக்கில் எட்டிப்பார்ப்பது போல.
அத்தனை பணம் தங்கியிருந்த வீட்டில்தான்
சிலிண்டருக்கு முந்நூறு குறைந்து
மேல்வீட்டு மும்தாஜிடம் கைமாற்று வாங்கினேன்.

கீழ்ப்பாக்கம் லேபில்
வெறும் வயிற்றோடு வந்து கை நீட்டுகிறவர்களின்
நரம்பைத் தட்டித் தேடும்போதும்
உதட்டுக்குள் எண்ணினேன்.
பதினேழு. பதினெட்டு.
"எத்தனை தடவைம்மா குத்தப்போறே?"
பயந்துபோய்க் கேட்டார் ஒருவர்.

இருபத்தோராம் நாள் காலை
பேங்கிலிருந்து ஒரு குறுஞ்செய்தி.
குறுஞ்செய்திகள் அனுப்பியதற்கான கட்டணம்
பதினேழு ரூபாய் எழுபது காசு
தங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது.

ரிஸ்வானைக் கூப்பிட்டேன்.
அவன் முதல்முறையாக மூச்சு விட்டான்.
"கரெக்டா எவ்ளோ தேவையோ
அவ்ளோதான் வெச்சிருந்தீங்களா மேடம்?"

தேவைக்கு மேல் இருந்தால்
நாங்கள் ஏன் தம்பி உன் மாடி ஏறுகிறோம்?

ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.
தணிகாசலம் இன்னொரு மாத வட்டியை
எச்சில் தொட்டுப் புரட்டிய பக்கத்தில் எழுதிக்கொண்டார்.
சீலன் தன் சட்டைப்பையிலிருந்து ஆயிரம் ரூபாயை
என் கணக்கில் போட்டுவிட்டு வந்தான்.
இனிமே அவன் எவ்ளோ மெசேஜ் வேணா
அனுப்பிக்கட்டும் என்றான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
படுத்து, எழுந்து, தண்ணீர் குடித்து,
முப்பத்தாறாயிரத்து எண்ணூறை
பதினேழு எழுபதால் வகுத்துப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.
விடியுமுன் பைக்கை எடுத்துக்கொண்டு
காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கிவந்திருந்தான்,
நடுத்துண்டமாக, கைக்குக் கை கனமாக.
இருக்கிற கடனில் இது எதுக்கு என்றேன்.
சும்மாதான் என்றான்.
பின்கட்டுக் குழாயடியில் மீனைக் கழுவும்போது
விசிலடித்துக்கொண்டிருந்தான்.
மாதக்கணக்கில் நான் கேட்காத விசில்.

கோபப்பட நினைத்தேன்.
சாப்பிடும்போது முள்ளெடுத்து
என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தான்,
தன் பங்கு தீர்ந்த பிறகும்.

அது இரண்டாம் நாள்.