இரண்டு மார்க்

க்யூர்பீப்பில் மழை, வழக்கம் போல.
ஏழு பத்து பஸ்ஸின் ஜன்னல் ஒழுகுகிறது.
மீதிச் சில்லறை நாளைக்கு என்கிறார் கண்டக்டர்;
நேற்றும் அதைத்தான் சொன்னார்.
தெற்கே இறங்க இறங்க
கரும்புக்கு மேல் வெயில் அவிழ்கிறது.
ரிவியேர் தெஸ் ஆங்கீயில் கால் வைக்கும்போது
சொட்டச் சொட்ட ஒரு குடையோடு நிற்பேன்,
பொய்க்காரணம் சொல்லி
லீவு கேட்க வந்தவள் மாதிரி.

பத்தரைக்கு மணி அடித்தால்
நாலாம் வகுப்பு ஐந்தாகக் கிழியும்.
இந்திக்கு அதே அறை, பெரிய கூட்டம்.
உருதுக்கு மாடி. க்ரியோலுக்கு வராந்தா.
தெலுங்குக்கு நூலகம், வாத்தியார் வந்த நாளில்.
எனக்கு விளையாட்டுச் சாமான் அறை:
காற்றிறங்கிய பந்துகள்
கிழிந்த வலை
ஐந்து பிள்ளைகள்.

நாலு என்றுதான் பதிவேடு சொல்லும்.
ஐந்தாவது ழான்-நோயேல்,
வராந்தாவில் இருக்க வேண்டியவன்.
கெர்வின் எங்கே உட்கார்கிறானோ
அங்கே உட்காருவான்.
ஹெட்மாஸ்டர் இரண்டு முறை வந்து
கையைப் பிடித்து அழைத்துப் போனார்.
மூன்றாம் முறை எட்டிப் பார்த்துவிட்டு
பந்துகளை எண்ணுவது போல எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

ழ சொல்லுங்கள் என்றால்
நாக்கை நீட்டி என்னையே கேட்கிறார்கள்,
எங்கே வைப்பது என்று.
ழான்-நோயேலுக்கு வேறு சந்தேகம்:
என் பேரில் இருக்கிற ழ-வா, மிஸ்?
இல்லை.
அதைத்தான் போட்டு எழுதிக் கொடுத்திருந்தேன்.
உன் எழுத்து என்னிடம் இல்லையடா
என்று சொல்ல வரவில்லை எனக்கு.
கிட்டத்தட்ட, என்றேன்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு மரம்,
நீளநீளமாய்க் காய்.
இது என்ன?
மூரும்! என்றன ஐந்து குரலும்.
முருங்கை, என்றேன்.
செல்வினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
அது எங்க க்ரியோல் சொல் மிஸ்,
நீங்க கொஞ்சம் தப்பாச் சொல்றீங்க.
அவள் அம்மா கருவாடு போட்டுச் செய்வாளாம்,
ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்லையாம்.

கோவில்பட்டியில் மூன்று வருஷம் பாடம் எடுத்தவள்,
கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தவள்,
திருத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
கப்பல், கரும்பு, நூறு வருஷம் என்று
ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தேன்.
அலமாரி மேலிருந்து ஒரு பந்து விழுந்தது.
அப்புறம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பரீட்சையிலும் அந்த மரமே வந்தது.
நாலாவது கேள்வி. இரண்டு மார்க்.

திரும்புகிற பஸ்ஸில் மடியில் தாள்கள்,
பல்லில் சிவப்புப் பேனா மூடி.
செல்வினா: மூரும்.
மெய்க்குப் புள்ளி, சாந்துப் பொட்டு மாதிரி அத்தனை உருண்டையாய்.
யோவனி: மூரும், பக்கத்தில் ஒரு மீன்.
தயாளென் வீரப்பேன் மரத்தை மறுபடி வரைந்திருக்கிறான்,
புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக.
மார்க்கே இல்லாத ழான்-நோயேல்
தானும் ஒரு தாள் கொடுத்திருக்கிறான்:
ழூரும்.
தன் எழுத்தைக் கொடுத்திருக்கிறான் அதற்கு.

கெர்வின்
முருங்கை என்று எழுதியிருக்கிறான்,
ஒரு பிழையில்லாமல்.
பிறகு பயந்து, இரண்டு கோடு போட்டு அடித்து,
மேலே சின்னதாக மூரும்.

விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன்.
முருங்கை சரி. முருங்கைக்காயும் சரி.
அடித்ததற்கு எத்தனை என்று
அதில் இல்லை.

நூவேல் ஃப்ரான்ஸ் தாண்டியதும் மழை.
ஜன்னலிலிருந்து ஒரு சொட்டு செல்வினாவின் மேல்;
புள்ளி கரைந்து
ஒரு சின்ன நீலக் குளம்.
தாள்களை ரவிக்கையோடு அணைத்துக்கொண்டு
குடையைத் தேடினேன்.

பள்ளியில் இருக்கிறது,
பந்துகளோடு.